லோச் மீன் கண்ணுலயே பட மாட்டேங்குதா? ஒளிய இன்னும் நாலு இடம் குடுங்க

லோச்சுங்கறது மீன் தொட்டில அடித்தரையோட வளர்ற மீன் வகை, அதுல கூலி லோச் புழு மாதிரி நீளமா இருக்கற சின்ன மீன். முதல் தடவை கூலி லோச் வாங்கினப்ப ரெண்டே ரெண்டு தான் வாங்கினேன், ஜோடியா இருந்தா போதும்னு நினைச்சு. தொட்டில விட்ட அஞ்சாவது நிமிஷம் ரெண்டும் மாயம். அடுத்த மூணு வாரம் வாலைக்கூட பாக்கல. செத்துப்போயி எங்கயோ அழுகிக் கிடக்கு போலன்னு பயந்துபோய் ஒரு ஞாயித்துக்கிழமை தண்ணிய வடிச்சு, கல்லையெல்லாம் தூக்கி வெளிய வெச்சு, செடியப் புடுங்கி, மொத்தத் தொட்டியையும் கலைச்சுப் பாத்தா ஒண்ணு ஃபில்டர் பெட்டிக்குள்ள கொழுகொழுன்னு உக்காந்திருக்கு, இன்னொண்ணு கல்லுக்கு அடியில இருந்த இடுக்குல சுருண்டு கெடக்குது. ரெண்டுமே நல்லா தான் இருந்துச்சு, நான் கலைச்சதுக்கப்புறம் தான் ஒண்ணு சாப்பாட்டை விட்டுச்சு.

அன்னிக்கு புரிஞ்சது இது தான். லோச்சை வெளிய வரவைக்கணும்னா ஒளியற இடத்தைக் கொறைக்கக் கூடாது, கூட்டணும். கேக்க கிறுக்குத்தனமா இருக்கும். ஆனா எந்த நிமிஷமும் ஓடி நுழைஞ்சுக்க ஒரு பொந்து பக்கத்துலயே இருக்குன்னு தெரிஞ்ச மீன் தான் தைரியமா வெளிய சுத்தும். வெட்டவெளில ஒரே ஒரு சட்டி இருந்தா அந்தச் சட்டிய விட்டு அது ஏன் நகரப்போகுது.

இதுங்க ஏன் இப்படி பயந்தாங்கொள்ளியா இருக்குன்னு கொஞ்சம் யோசிச்சா பாதி வேலை முடிஞ்சிரும். லோச் எல்லாமே தரையோட ஒட்டி வாழற மீன். கூலி லோச் தென்கிழக்கு ஆசியாவுல மெதுவா ஓடற காட்டு ஓடைங்கள்ல, உதிர்ந்த இலைக்குவியலுக்கு அடியில, டீ டிகாக்‌ஷன் கலர்ல இருக்கற தண்ணில வாழறது. (பேருக்கும் நம்ம வாங்கற கூலிக்கும் சம்பந்தம் இல்ல, ஹைன்ரிச் கூல்னு ஒரு ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் இருந்தாரு, அவரு பேரு தான் அது.) கிளவுன் லோச் சுமத்ரா, போர்னியோ ஆறுங்கள்ல இருந்து வருது. அவ்வளவு ஏன், நமக்கு நல்லாத் தெரிஞ்ச அயிரையும் லோச் தான், மணல்ல டக்குனு புதைஞ்சுக்கறதை பாத்திருப்பீங்க. இதுங்களுக்கு செதில் ரொம்பப் பொடிசு, தோலுக்குள்ள புதைஞ்ச மாதிரி இருக்கும், சிலதுக்கு இருக்கறதே தெரியாது. பெருசா சண்டை போடற பல்லும் கெடையாது. நெறைய வகைக்கு கண்ணுக்குக் கீழ ஒரு சின்ன முள்ளு இருக்கும், ஆபத்துன்னா அதை விரிச்சு வெச்சுக்கும், அதை விட்டா ஒளியறது ஒண்ணு தான் வழி. அதுவும் நெறைய வகை ராத்திரில தான் இரை தேடும். அதனால பகல்ல ஒளிஞ்சிருக்கறது நோயும் இல்ல, உங்க மேல கோவமும் இல்ல, அதோட இயல்பு.

இயல்பா ஒளியறதுக்கும் பயத்துல ஒளியறதுக்கும் வித்தியாசம் இருக்கு, அதைப் பாக்கக் கத்துக்கணும். பொந்துக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கிட்டு, கலர் நல்லா அழுத்தமா இருந்து, விளக்கணைச்ச பிறகு வெளிய வந்து மேயுதுன்னா ஒரு பிரச்சனையும் இல்ல. கலர் வெளுத்து, செவுள் படபடன்னு அடிச்சுக்கிட்டு, தனியா ஒரு மூலைல ஒடுங்கி, ராத்திரி போட்ட சாப்பாடும் காலைல அப்படியே கெடக்குது, வயிறு உள்வாங்குது, இல்ல கண்ணாடி ஓரமா மேலயும் கீழயும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்குதுன்னா அது பயமோ தண்ணிக் கோளாறோ தான்.

அந்த மாதிரி இருந்தா மொதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க, குகை வாங்க ஓடாதீங்க. மீன் கழிவுல இருந்து உண்டாகற அமோனியாவும் நைட்ரைட்டும் 0 இருக்கணும், நைட்ரேட் 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) பக்கத்துல இல்ல அதுக்குக் கீழ இருந்தா நிம்மதி. புதுசா வெச்ச தொட்டில லோச் விடவே விடாதீங்க, தொட்டி சைக்கிள் ஆகி (அதாவது கழிவை உடைக்கற நல்ல பாக்டீரியா வளந்து) ரெண்டு மூணு மாசம் ஓடி, கல்லு மேலயும் கட்டை மேலயும் லேசா பாசி படிஞ்சு பழசான மாதிரி ஆன பிறகு விட்டா தான் நிக்கும். வாரம் ஒரு தடவை 25ல இருந்து 30 சதவீதம் தண்ணி மாத்துங்க, புதுத் தண்ணியோட சூடு பழைய தண்ணியோட சூட்டுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகணும். சூடு வகைக்கு வகை மாறும், இதுல நெறைய பேரு கோட்டை விடறாங்க. கூலிக்கு 24 முதல் 28 டிகிரி, கிளவுனுக்கு 26 முதல் 30, ஆனா கல்லுல ஒட்டிக்கிட்டு இருக்கற ஹில்ஸ்ட்ரீம் லோச்சுக்கு 20ல இருந்து 24 தான் ஒத்துக்கும், வெதர் லோச்சுக்கு அதை விட குளிர்ந்தாலும் பரவால்ல. எல்லாமே லோச் தானேன்னு கிளவுனையும் ஹில்ஸ்ட்ரீமையும் ஒரே தொட்டில போட்டா ரெண்டுல ஒண்ணு கஷ்டப்படும்.

அடுத்தது எண்ணிக்கை. நான் பண்ண மொத தப்பே அது தான். லோச் கூட்டமா வாழற மீன், ஆறு இருந்தா தான் அதுக்கு தைரியமே வரும், அஞ்சுக்குக் கீழ போகவே போகாதீங்க. பின்னாடி நான் நாலு கூலிய கூட சேத்தேன், ரெண்டு வாரத்துல பழைய ரெண்டும் பகல்லயே தலைய நீட்ட ஆரம்பிச்சிருச்சு, தொட்டில வேற எதையுமே மாத்தல. ஒண்ணு வெளிய போயி பத்திரமா திரும்பி வந்தா மத்தது பின்னாடியே போகும், அவ்வளவு தான் கணக்கு. யோயோ, கிளவுன் மாதிரி வகைங்கள்ல இன்னொரு காரணமும் இருக்கு, அதுங்களுக்குள்ள யாரு பெரியவன்னு ஒரு வரிசை உண்டு, மூணே மூணு இருந்தா பெருசு சின்னதையே போட்டு வறுத்தெடுக்கும், ஏழெட்டு இருந்தா அடி எல்லாருக்கும் பங்கு போயிரும். ஆனா ஆறு கிளவுன் வாங்கறதுக்கு முன்னாடி தொட்டிய அளந்து பாருங்க. கடைல விரல் நீளம் இருக்கற மீன் வளந்தா 25, 30 சென்டிமீட்டர் வரும், இருபது வருஷத்துக்கு மேலயும் இருக்கும், ஆறடித் தொட்டி இல்லன்னா அந்தப் பக்கம் போகாதீங்க. சின்னத் தொட்டிக்கு கூலி, இல்லன்னா செயின் லோச், அது ஆறு சென்டிமீட்டர் தான் வரும், பகல்லயும் சுறுசுறுப்பா சுத்தும்.

தரைக்கு மணல் போடுங்க. வழுவழுன்னு இருக்கற நைஸ் மணல், ரெண்டு இஞ்ச் போதும். லோச்சுக்கு மூக்கும் நாக்கும் எல்லாமே வாயச் சுத்தி இருக்கற மீசை தான், கூர்மையான கல்லுல அதை உரசி உரசியே தேய்ஞ்சு போயி புண்ணாகிரும், அப்புறம் இரை தேடவே முடியாது. மணல்னா கூலியும் வெதர் லோச்சும் கண்ணு மட்டும் தெரியற மாதிரி உடம்பைப் புதைச்சுக்கும், அதுங்களுக்கு அதுவே ஒரு வீடு. ஏற்கனவே கல்லு போட்டாச்சு, மாத்த முடியாதுன்னா ஒரு பக்கம் மட்டும் கல்லை ஒதுக்கிட்டு ஒரு தட்டு அளவுக்காவது மணல் கொட்டுங்க, எல்லாம் அங்க தான் போயி உக்காரும்.

இப்ப ஒளியற இடத்துக்கு வருவோம். லோச்சுக்கு பெரிய அரண்மனை மாதிரி குகை புடிக்காது. உடம்புல எல்லாப் பக்கமும் ஏதாவது தொட்டுக்கிட்டு இருந்தா தான் அதுக்குப் பாதுகாப்பா தோணும், மேல முதுகு இடிக்கணும், பக்கத்துல வயிறு உரசணும். கடைல விக்கற கோட்டை, மண்டை ஓடு எல்லாம் உள்ள வெட்டவெளியா இருக்கும், அதுக்கு நீங்க செலவு பண்ணறது உங்க கண்ணுக்குத் தான். அதைவிட சாதா பிவிசி பைப் அருமையா வேலை செய்யும். கூலிக்கு முக்கால் இஞ்ச் பைப், யோயோவுக்கு ஒண்ணரை இஞ்ச், வளந்த கிளவுனுக்கு மூணு இஞ்ச்சுக்கு மேல. மீன் நீளத்தை விட கொஞ்சம் நீளமா வெட்டி, வெட்டின விளிம்பை உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சிருங்க, இல்லன்னா தோலைக் கிழிக்கும். ரெண்டு பக்கமும் தொறந்திருக்கணும், இது ரொம்ப முக்கியம், ஒரு வழி மட்டும் இருந்தா பெரிய மீன் வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள இருக்கறதை வெளிய விடாது. பைப் பாக்க அசிங்கமா இருக்குன்னா பாதி மணல்ல புதைச்சு மேல பாசிச் செடி (மாஸ்) கட்டி விடுங்க. மூணு பைப்பை ஒண்ணா அடுக்கி அக்வேரியத்துக்குன்னு விக்கற சிலிகான்ல ஒட்டினா இன்னும் நல்லது, எனக்கு தெரிஞ்சு இதை அடிச்சுக்க வேற குகை இல்ல.

தேங்காய் சிரட்டை, உடைஞ்ச மண்சட்டி, மரக்கட்டை, வேரு எல்லாமே போடலாம், சிரட்டைய மட்டும் நாரு பஞ்சு எல்லாம் சுரண்டி நல்லாக் கொதிக்க வெச்சுப் போடுங்க. மண்சட்டி அடியில இருக்கற ஓட்டை ஜாக்கிரதை, மீன் பாதி நுழைஞ்சு மாட்டிக்கும், ஒண்ணு ஓட்டைய அடைச்சிருங்க இல்ல நல்லாப் பெருசாக்கிருங்க. காஞ்ச பாதாம் இலை ஏழெட்டு போட்டு விட்டா கூலிக்கு சொர்க்கம், தண்ணி லேசா பழுப்பாகும், வெளிச்சமும் மட்டுப்படும், இலை மக்க மக்க அதுல படியற கசடை மேஞ்சுக்கிட்டே இருக்கும். பெரிய கல்லு வெக்கறதா இருந்தா மணல் கொட்டறதுக்கு முன்னாடியே தொட்டி அடிக் கண்ணாடி மேல நேரா உக்கார வெச்சிருங்க, மணல் மேல வெச்சா லோச் அடியில தோண்டும், தோண்டினா கல்லு சாயும், சாஞ்சா மீன் நசுங்கும் இல்ல கண்ணாடி போகும்.

எத்தனை வெக்கணும்னா, மீன் எண்ணிக்கையை விட ரெண்டு கூட. எல்லாம் கடைசில ஒரே பைப்புல தான் போயி அடைஞ்சுக்கும், மத்ததெல்லாம் சும்மா கெடக்கும், அப்பவும் எடுத்துராதீங்க. எல்லாத்தையும் ஒரு மூலைலயே குவிக்காம தொட்டி நீளத்துக்கும் பரப்பி வைங்க, ஒரு பொந்துல இருந்து அடுத்த பொந்துக்கு ஒரு சாண் தூரத்துக்கு மேல இருக்கக் கூடாது, நடுவுல செடியோ இலையோ இருந்தா இன்னும் விசேஷம். இந்த ஒரு மாத்தத்துல தான் என் தொட்டில மீன் முன்பக்கம் வரைக்கும் வர ஆரம்பிச்சுது.

வெளிச்சத்தைக் கொறைங்க. மேல மிதக்கற செடி எதுவானாலும் சரி, சால்வீனியா, ஆகாயத்தாமரை, ஃபிராக்பிட், தண்ணிப்பரப்புல பாதிக்கு இருந்தா அடியில நிழலும் வெளிச்சமும் மாறி மாறி விழும், மேல இருந்து எதுவோ கொத்த வருதுங்கற பயமும் போகும். பின்பக்கமும் ரெண்டு ஓரமும் கருப்புச் சார்ட் பேப்பர் ஒட்டிருங்க, நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரிஞ்சா யாருக்குத் தான் நிம்மதி வரும். விளக்கு போடறப்ப கும்மிருட்டுல இருந்து பளிச்சுனு போடாதீங்க, மொதல்ல ரூம் லைட், ஒரு அரைமணி கழிச்சு தொட்டி லைட், அணைக்கறப்ப அப்படியே தலைகீழா. தொட்டி இருக்கற இடமும் பாருங்க, படார்னு சாத்தற கதவு, ஸ்பீக்கர், வாஷிங் மெஷின் பக்கத்துல வெச்சா அந்த அதிர்வு பூராவும் தண்ணி வழியா அதுக்குப் போகும், மீன் உடம்போட பக்கவாட்டுக் கோடு அதை உணரறதுக்குன்னே இருக்கு.

மேல நீந்தற அமைதியான சின்ன மீன் ஒரு கூட்டம் இருந்தா லோச்சுக்கு பெரிய தெம்பு. ராஸ்போரா, டெட்ரா, டானியோ மாதிரி ஒரு எட்டு பத்து விடுங்க. மேல இருக்கறதுங்க சாவகாசமா சுத்துதுன்னா சுத்துவட்டாரத்துல ஆபத்து இல்லன்னு கீழ இருக்கறது எடுத்துக்கும், அதுங்க சிதறினா இதுவும் பொந்துக்குள்ள போயிரும். சிக்லிட் மாதிரி தன் எல்லைன்னு துரத்தற மீனோட வேண்டாம், கூலிய பெரிய வாய் இருக்கற எதோடயும் வேண்டாம், அதைப் பாத்தா புழு மாதிரியே இருக்கும் இல்லையா. பயந்த சுபாவம் உள்ள கூலியோட யோயோ மாதிரி முரடனைப் போடறதும் சரி வராது, சாப்பாடு ஒரு துணுக்கு கூட மிஞ்சாது.

சாப்பாடு விஷயத்துல ஒரே விதி, இருட்டுல போடுங்க. பகல்ல போட்டா மேல இருக்கற மீனே எல்லாத்தையும் முடிச்சிரும், லோச் பட்டினி கெடக்கும், பட்டினி கெடக்கறதுங்கறதே நமக்கு ஒரு மாசம் கழிச்சுத் தான் தெரியும். மேல இருக்கறதுக்கு மொதல்ல கொஞ்சம் போட்டு வயித்தை ரொப்பிட்டு, விளக்கணைச்சு அரைமணி கழிச்சு, மூழ்கற பெல்லட்டோ உறைய வெச்ச ரத்தப்புழுவோ பைப் வாசல்கிட்ட போடுங்க. தினம் அதே இடம், அதே நேரம். ஒரு வாரம் பத்து நாள்ல அந்த நேரத்துக்கு மூக்கை வெளிய நீட்டிக்கிட்டு காத்திருக்கும், அதுக்கப்புறம் தினம் பத்து நிமிஷமா நேரத்தை முன்னாடி கொண்டு வாங்க, கடைசில விளக்கு எரியறப்பவே வந்து சாப்பிடும். நான் ரெண்டு மாசத்துல மாத்தினேன், அவசரப்பட்டு ஒரே நாள்ல ஒரு மணி நேரம் முன்னாடி போட்டப்ப எல்லாம் திரும்ப உள்ள போயிருச்சு. கிளவுன், யோயோவுக்கு சின்ன நத்தைன்னா உயிரு, ஆனா நீங்க ஆசையா வளக்கற நத்தையும் அதுக்கு சாப்பாடு தான்.

ஃபில்டர் தண்ணி உறிஞ்சற வாய்ல கட்டாயம் ஸ்பாஞ்ச் மாட்டுங்க, என் கதை தெரியுமே. பென்சில் நுழையற ஓட்டை இருந்தா கூலி நுழையும். மேல மூடியும் அதே மாதிரி, ஒயர் போற ஓட்டை, ஹீட்டர் பக்கத்து இடைவெளி எல்லாத்தையும் ஸ்பாஞ்ச் துண்டு வெச்சு அடைங்க, புதுசா வந்த லோச் மொத வாரத்துல தான் அதிகமா குதிச்சு வெளிய விழும்.

புது மீன் வந்தா மூணு நாலு வாரம் தனித் தொட்டில வெச்சிருங்க, அந்தத் தொட்டி வெறும் கண்ணாடியா இருக்கக் கூடாது, ரெண்டு மூணு பைப்பாவது வேணும். வலைல புடிக்காதீங்க, கண்ணுக்குக் கீழ இருக்கற முள்ளு வலைல சிக்கி மீனும் கதறும் நீங்களும் கதறுவீங்க, ஒரு பெரிய டம்ளரோ டப்பாவோ வெச்சு ஓட்டி உள்ள விட்டு தண்ணியோட தூக்குங்க. பைப்ல இருந்தா இன்னும் சுலபம், ரெண்டு முனையையும் கையால மூடி அப்படியே மாத்திரலாம். விட்ட அன்னிக்கு விளக்கே போடாதீங்க, சாப்பாடும் வேண்டாம். பயத்துல இருக்கற கிளவுனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் சட்டுனு வரும், மருந்து போடறப்ப லோச்சுக்கு ஆகுமான்னு லேபிள்ல பாத்துட்டு போடுங்க, காப்பர் உள்ளது வேண்டவே வேண்டாம், மத்ததும் பாதி அளவுல ஆரம்பிக்கறது தான் பழக்கம்.

பயமுறுத்தற மாதிரி இருக்கும், ஆனா பயப்பட வேண்டாத சிலது இருக்கு. கிளவுன் லோச் செத்த மீன் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு படுத்துத் தூங்கும், நெறைய பேரு அதைப் பாத்து எடுத்துத் தூக்கிப் போடற வரைக்கும் போயிருக்காங்க. டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், அதுவும் லோச் தான், சாப்பிடறப்பவும் சண்டையிலயும் சத்தம் போடும். யோயோவும் கிளவுனும் சண்டைல சாம்பல் கலராகி கொஞ்ச நேரத்துல பழையபடி ஆயிரும். கூலியும் வெதர் லோச்சும் அப்பப்ப விர்ர்னு மேல போயி காத்தைக் குடிச்சுட்டு வரும், அதுங்களால குடல் வழியாவும் மூச்சு விட முடியும், ஆனா எல்லாமே அடிக்கடி மேல போகுதுன்னா தண்ணில ஆக்சிஜன் கொறைஞ்சிருக்கு, ஏர் பம்ப் போடுங்க. மழை, புயல் வர்றதுக்கு முன்னாடி காத்தழுத்தம் மாறறப்ப வெதர் லோச் கண்டபடி ஓடும், பேரே அதனால தான்.

எல்லாம் பண்ணியாச்சுன்னா கைய வெளிய வைங்க. கல்லைத் தூக்கிப் பாக்கறது, கண்ணாடிய தட்டறது, வாரா வாரம் அலங்காரத்தை மாத்தறது இதெல்லாம் மொத ஒன்றரை மாசத்துக்கு வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு தடவை கலைக்கறப்பவும் அதுக்கு வீடு புதுசு தான். இருக்கா இல்லையான்னு மனசு அடிச்சுக்கிச்சுன்னா விளக்கணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச்சு மேல சிவப்பு கண்ணாடிப் பேப்பர் சுத்தி தூரத்துல இருந்து எண்ணுங்க, சிவப்பு வெளிச்சத்துக்கு அவ்வளவா மிரளாது. ஒரு நாள்ல எண்ணிக்கை சரியா வராது, ஆறுல நாலு தெரிஞ்சாலே அன்னிக்கு நல்ல நாள். தொடர்ந்து ஒரு வாரம் எண்ணியும் ஒண்ணு கொறையுதுன்னா அப்ப ஃபில்டரைத் தொறந்து பாருங்க, தொட்டிக்குப் பின்னாடி தரையையும் பாருங்க, அமோனியாவையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிருங்க. மூணும் சரியா இருந்தா அது மணலுக்குள்ள தான் இருக்கும்.